லோடு தொங்கும்போது

அம்பத்தூர்
14.7.1996

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஸ்தோத்திரம். உன் முதல் கடிதம் நேற்றுத்தான் வந்தது. கொரியாவில் மூன்று வேளையும் சோறுதான் என்று நீ எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினேன். அம்மாவுக்குப் பாதிக் கவலை தீர்ந்தது. மீதிக் கவலை, அந்தச் சோற்றுக்குக் குழம்பு இல்லையே என்பது. எலுமிச்சை ஊறுகாய் தீரும்வரை பிழைத்துக்கொள்வான் என்கிறாள்.

இனி நீ கோபப்படப்போகும் செய்தி. நீ ஒரு வருடப் பயிற்சிக்குக் கிளம்பும் நேரத்தில் சொல்லக் கூடாது என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவரைக் கிரேனிலிருந்து இறக்கிவிட்டார்கள். மே மாத வெயிலில் ஒரு நாள் கிரேன் ஏணிக்குக் கீழே தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாராம். கம்பெனி டாக்டர் அவரை ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார். அங்கே இதய நரம்புகளைச் சோதித்து, சர்க்கரையால் அவை பழுதாகிவிட்டன என்று எழுதிக் கொடுத்தார்கள். இத்தனை வருடம் ஷெட்டின் உச்சியில் கேபினில் உட்கார்ந்து டன் கணக்கில் இரும்பைத் தூக்கியவர், இப்போது அதே திருமழிசை ஃபேக்டரியில் ஸ்டோர் ஜன்னலில் நின்று கையுறையும் எண்ணெய் துடைக்கும் காட்டன் வேஸ்ட்டும் கொடுக்கிறார். ரிடையராக இன்னும் மூன்று வருடம்கூட இல்லை. கிரேனை, கீழே நின்று கொக்கி மாட்டிக்கொண்டிருந்த ஷவுகத் அலி அண்ணன் ஓட்டுகிறார்.

அப்பா ஒன்றும் சொல்வதில்லை. முன்பெல்லாம் சாப்பிடும்போது, இன்று எந்த இரும்பு அச்சைத் தூக்கினேன், எந்தப் பக்கம் ஆடியது, எப்படி அடக்கினேன் என்று சொல்வாரே, அது நின்றுவிட்டது. கையுறையைப் பற்றி என்ன சொல்ல முடியும்? அம்மாவுக்கு உள்ளுக்குள் நிம்மதிதான். மனுஷன் தரையில் இருக்கிறாரே என்று.

அந்த ரிப்போர்ட்டை வாங்கிப் படித்தேன். நாம் சொல்லாமலே இதயத்தையும் ரத்த அழுத்தத்தையும் கவனித்துக்கொள்ளும் நரம்புகள் இருக்கின்றன. அவற்றை இரண்டு விதமாகச் சோதித்திருக்கிறார்கள். மூச்சை ஆழமாக இழுத்தால் இதயம் வேகமாகும், விட்டால் மெதுவாகும். அந்த வித்தியாசம் எவ்வளவு என்பது ஒன்று. படுத்திருப்பவர் சட்டென்று எழுந்து நின்றால் இதயம் வேகமெடுத்துப் பிறகு அடங்கும். அது எவ்வளவு என்பது இன்னொன்று. இரண்டிலுமே அப்பாவின் அளவு கோட்டுக்குக் கீழே இருக்கிறது.

ஆனால் அந்தக் கோட்டை யார் போட்டது? தேடிப் பார்த்தேன். எங்கோ ஒரு குளிர் தேசத்தில், அவர்கள் ஊர் ஆட்கள் சிலரை வைத்துப் போட்டது. இருபது வயதுக்காரனுக்கும் ஐம்பத்தைந்து வயதுக்காரருக்கும் ஒரே கோடு. நம் ஊரில் ஆரோக்கியமாக இருக்கும் மனிதர்களின் அளவு என்ன என்று யாரும் எடுத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. எம்.டி. ஆராய்ச்சிக்கு அதையே எடுத்துக்கொண்டேன். என் வழிகாட்டி தாட்சாயிணி மேடம் சம்மதித்துவிட்டார்.

ஜெபத்தில் எங்களை நினைத்துக்கொள்.

அன்புத் தங்கை
ஞானசௌந்தரி


சாங்வோன்
9.8.1996

அன்பு சௌந்தரி,

கோபம்தான். நாடு விட்டு நாடு வந்தவனிடம் விஷயத்தை மறைத்துவிட்டு, ஊறுகாய்க்கு ஒரு பாரா ஒதுக்கியிருக்கிறாய்.

படித்ததிலிருந்து ஒரு பழைய நாள் நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறது. நான் ஏழாவது படிக்கும்போது லீவு நாட்களில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோவேன். ஒரு நாள் முதலாளி ஷெட்டுக்குள் வந்தார். கீழே இருந்த அத்தனை பேரும் வேலையைப் போட்டுவிட்டு எழுந்து நின்றார்கள். அண்ணாந்து பார்த்தால் அப்பா மட்டும் கேபினில் உட்கார்ந்திருக்கிறார். நம் அப்பாவை உனக்குத் தெரியுமே. பாஸ்டர் வந்தாலும், ரேஷன் கடைக்காரர் தெருவில் போனாலும் முதலில் எழுந்து நிற்பவர் அவர்தான். வெளியே வந்ததும் கேட்டேன். "லோடு தொங்குதுடா. லோடு தொங்குறப்ப ஆபரேட்டரு சீட்ட உட்டு எழுந்துக்கக் கூடாது. யார் வந்தாலும் கூடாது" என்றார். அவ்வளவு கம்பீரமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. அந்த சீட்டிலிருந்துதான் அவரை இறக்கியிருக்கிறார்கள்.

ஆனாலும் மனதில் இருக்கும் பயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஷாப்பில் செய்த பீஸ் அளவு கேஜுக்குள் நுழையவில்லை என்றால் பீஸைத்தான் தேய்ப்போம். கேஜைத் தேய்த்தால் வேலை போய்விடும். அப்பா நுழையவில்லை என்றதும் நீ புதுக் கேஜ் செய்யக் கிளம்பியிருக்கிறாய். நீ அவருடைய மகள். அவருக்கு நிஜமாகவே நரம்பு கெட்டிருந்து, நீ சரியாக இருக்கிறது என்று எழுதி, மேலே அவருக்குத் தலை சுற்றினால்? ஹூக்குக்குக் கீழே ஆட்கள் நிற்பார்கள். ஷவுகத் அண்ணன் நிற்பார். எனக்கு அப்பா தரையில் பத்திரமாக இருப்பது போதும் என்றும் ஒரு நினைப்பு வருகிறது. நீயே யோசி.

ஊறுகாய் தீர்ந்துவிட்டது என்று அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

உன் அண்ணன்
சத்தியராஜ்


அம்பத்தூர்
3.11.1996

அன்புள்ள அண்ணாவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். உன் கேள்விக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. நீ கேட்டதை நானும் என்னைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அதனால் இரண்டு முடிவு எடுத்தேன். அப்பாவை நான் சோதிக்க மாட்டேன். சர்க்கரை உள்ளவர் என்பதால் அவருடைய அளவு என் கணக்கில் சேரவும் சேராது. கேஜைத் தேய்க்க மாட்டேன், அண்ணா. புதிதாக ஒன்று, நேர்மையாகச் செய்கிறேன். அதில் அப்பா நுழைகிறாரா இல்லையா என்பது பிறகு.

பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் ஒரு டிஸ்பென்சரியில் பின்னறையைக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு கட்டில், ஒரு ஈ.சி.ஜி. மெஷின், ஒரு டெக்னீஷியன். அவர் பெயர் உலகநாதன். வெளியே பஸ் ஹாரன் அடித்தால் உள்ளே படுத்திருப்பவரின் இதயக் கோடு துள்ளுகிறது. அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பிக்கிறோம். சர்க்கரை, பிரஷர், பீடி, புகையிலை எதுவும் இல்லாத நாற்பது வயது ஆணைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று இப்போதுதான் தெரிகிறது. "அப்ப எங்க பள்ளிவாசல் தெருவுல மூணு பேருதான் தேறுவாங்க" என்று ஷவுகத் அண்ணன் சொன்னார். ஆனாலும் தெருத் தெருவாகப் போய் அழைத்துவந்தார். திருவேற்காட்டிலிருந்து பூக்கட்டும் பெண்கள் வந்தார்கள். திருமழிசை லேத் பட்டறை ஆட்கள் வந்தார்கள்.

புத்தகத்தில் இயல்பு என்பது ஒரு கோடு. இங்கே அது பஸ்ஸிலிருந்து இறங்கி, செருப்பை வாசலில் விட்டுவிட்டு, ஊசி போடுவீர்களா என்று கேட்டபடி உள்ளே வருகிறது.

ஒன்று சொன்னால் சிரிப்பாய். உலகநாதன் எல்லாரையும் கட்டிலில் படுக்கவைத்து வயர் மாட்டிய பிறகுதான் நான் அறைக்குள் போவேன். போனதும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். பெண்கள் புடவையை இழுத்து மூடிக்கொண்டு எழுகிறார்கள். "இருங்க, இருங்க, படுங்க" என்று மறுபடி படுக்கவைப்பதே எனக்கு முதல் வேலை. கிரேன்காரர் பல்ராஜ் மகளுக்கு இவ்வளவு மரியாதையா என்று உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்துபோகத்தான் செய்கிறது.

சௌந்தரி


அம்பத்தூர்
2.1.1997

அன்புள்ள அண்ணாவுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். நல்ல செய்தியோடு ஆரம்பிக்கிறேன். பாதிக்குமேல் ஆட்களைச் சோதித்து முடித்து, கிறிஸ்துமஸ் லீவில் கணக்குப் போட்டேன். எழுந்து நிற்கும் சோதனையில், ஆரோக்கியமான நம் ஊர்க்காரர்களின் அளவு வெளிநாட்டுப் புத்தகத்தில் இருப்பதைவிட நன்றாகவே குறைவு! இருபது வயதுப் பையன்களுக்குக்கூடக் குறைவு. நம் உடம்பின் இயல்பே அப்படி என்று தோன்றுகிறது. வெயிலா, சாப்பாடா, தெரியவில்லை. ரிப்போர்ட்டில் இருக்கும் அப்பாவின் அளவு இதற்குள் வசதியாக உட்கார்ந்துவிடுகிறது.

தாட்சாயிணி மேடம் இரண்டு தடவை சரிபார்த்தார். ஏப்ரலில் சமர்ப்பித்துவிடலாம் என்றார். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னேன். "அப்ப மறுபடியும் மேல ஏறுவாரா?" என்று கேட்டாள். அது சந்தோஷமா வருத்தமா என்று குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை.

சௌந்தரி


சாங்வோன்
4.1.1997

அன்பு சௌந்தரி,

உனக்கும் வீட்டாருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். இங்கே குழாய்த் தண்ணீர் உறைந்துபோயிருக்கிறது. நான் சட்டைமேல் சட்டையாகப் போட்டு இட்லிக் குண்டான் மாதிரி இருக்கிறேன்.

உன் வேலையை இங்கேயும் செய்கிறார்கள். எங்கள் கம்பெனிக்குப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழக ஆஸ்பத்திரி இருக்கிறது. கொரியர்களுக்கென்று தனியாக இதே நரம்புச் சோதனைக்கு அளவு எடுக்கிறார்களாம். ஷாப்பிலிருந்து ஆரோக்கியமான ஆட்களைக் கூப்பிட்டார்கள். அறையில் என்னோடு தங்கியிருக்கும் பசங்களோடு நானும் போனேன். வரவேற்பில் இருந்த பெண் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நீ கொரியன் இல்லை, உன் அளவு எங்கள் கணக்கில் சேராது என்றாள். எங்கள் மொழிபெயர்ப்பாளர் பார்க்தான், இவ்வளவு தூரம் வந்துவிட்டான், சும்மாவாவது போட்டுப் பாருங்கள் என்று கெஞ்சினார். சரி என்று படுக்கவைத்தார்கள்.

படுத்துக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். கதவு திறந்தது. நரைத்த தலை, வெள்ளைக் கோட்டு, பெரிய பேராசிரியர் போலிருக்கிறது. நான் வயரோடு எழுந்து உட்கார்ந்துவிட்டேன்! பல்ராஜ் மகன் வேறென்ன செய்வான்? நர்ஸுக்கு வந்ததே கோபம். ஆனால் அவள் திட்டியது என்னை இல்லை, பேராசிரியரை. அவரும் தலையைக் குனிந்து ஏதோ சொல்லிவிட்டு வெளியே ஓடிவிட்டார். பார்க் விளக்கினார். இங்கேயும் பெரியவர் வந்தால் எல்லாரும் எழுந்துவிடுகிறார்களாம். பாதி எழுந்து மறுபடி படுத்தால் சோதனையே கெட்டுப்போகும், அந்த ஆளின் அளவைக் குறைத்துக் காட்டும் என்பதால், சோதனை முடியும்வரை பேராசிரியர் அறைக்குள் வரக் கூடாது என்று சட்டமாம். அன்று மறந்துபோய் வந்துவிட்டார். என்னை மறுபடி முதலிலிருந்து படுக்கவைத்தார்கள்.

என் அளவு நன்றாக இருக்கிறதாம். கணக்கில் சேராத நல்ல அளவு!

உன் அண்ணன்
சத்தியராஜ்


அம்பத்தூர்
20.1.1997

அன்புள்ள அண்ணாவுக்கு,

நம் கடிதங்கள் நடுவழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. நான் கொண்டாடி எழுதியதை நீ இப்போது படித்திருப்பாய். அதை மறந்துவிடு.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், அவளும் சிரித்தாள். 'பாதி எழுந்து மறுபடி படுத்தால்' என்ற இடத்துக்கு வந்தபோது, அந்த வரியையே இன்னொரு தடவை படித்தேன்.

என் அறையில் எல்லாரும் அதைத்தான் செய்தார்கள், அண்ணா. நான் உள்ளே போனேன், எழுந்தார்கள், படுக்கவைத்தேன், உடனே நிற்கச் சொன்னேன். ஓய்ந்து கிடக்க வேண்டிய இதயம் முன்பே ஒரு தடவை எழுந்து வந்திருக்கிறது. பிறகு எப்படித் துள்ளும்? நம் ஊர்க்காரர்களின் இயல்பு என்று நான் அளந்தது அவர்களுடைய நரம்பை இல்லை, என் முன்னால் அவர்கள் காட்டிய மரியாதையை. அதில் குளிர்ந்துபோனேன் என்று உனக்கே எழுதியிருக்கிறேன்.

அன்று சாயந்திரம் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அந்தப் பரிசோதனைக் கூடத்தில் என்ன நடந்தது என்று கேட்டேன். கட்டிலில் படுக்கச் சொன்னார்கள் என்றார். அப்புறம்? டாக்டர் வந்தார் என்றார். எழுந்தீர்களா என்று கேட்டேன். பேப்பரைத் தாழ்த்தி, இது என்ன கேள்வி என்பதுபோலப் பார்த்தார். "பின்ன? டாக்டரு நின்னுகினு கீறாரு, நான் படுத்துகினா பேசுவேன்?"

ரிப்போர்ட்டை எடுத்து, நிற்கும் சோதனையின் அளவுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூச்சுச் சோதனை உட்கார்ந்தபடி செய்வது, அதில் கோளாறு இல்லை. நிற்கும் சோதனையை மட்டும் விட்டுவிட்டு ஏப்ரலில் முடித்துவிடு என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். முடியாது என்றேன். அப்பாவை இறக்கியதில் அதற்கும் பங்கு இருக்கிறது. நாளைக்கு இன்னொருவரை இறக்கும். எல்லாரையும் திரும்பக் கூப்பிட வேண்டும், வருவார்களா என்று மேடம் கேட்டார். பக்கத்தில் நின்ற உலகநாதன், "வருவாங்க மேடம், ஊசி இல்லைன்னுதான் ஊருக்கே தெரிஞ்சுபோச்சே" என்றார். மேடம் சிரித்துவிட்டார். பட்டம் ஆறு மாதம் தள்ளிப்போகிறது. கல்யாணப் பேச்சும் அதோடு தள்ளிப்போகிறது என்று அம்மாவுக்கு வருத்தம். எனக்கு அந்த ஒன்றில் மட்டும் வருத்தமில்லை.

ஆனால் ஒன்று உனக்குப் புரிந்திருக்கும். சரியாக அளந்தால் கோடு மேலே போகும். மேலே போனால் அப்பாவின் பழைய அளவு மறுபடி வெளியே நிற்கும். என் கையாலேயே அதைச் செய்யப்போகிறேன்.

சௌந்தரி


சாங்வோன்
8.2.1997

அன்பு சௌந்தரி,

உன் இரண்டு கடிதங்களையும் ஒன்றாக வைத்துப் படித்தேன். முதல் கடிதம் படித்தபோது எனக்கு உள்ளுக்குள் உறுத்தியது. அவ்வளவு வசதியாக அப்பா உள்ளே நுழைந்தது பிடிக்கவில்லை. இரண்டாவதைப் படித்ததும் பார்க்கைக் கூட்டிக்கொண்டு போய் அந்த நர்ஸைப் பார்த்தேன். சென்னையில் என் தங்கையும் இதே வேலை செய்கிறாள், உங்களால் அவளுடைய கணக்கே கலைந்துவிட்டது என்று சொன்னேன். பதறிப்போய்விட்டாள். பிறகு, உன் தங்கை அதை மறைத்தாளா, கலைத்தாளா என்று கேட்டாள். கலைத்தாள் என்றேன். அவளுக்கு என் வணக்கத்தைச் சொல் என்றாள். எழுந்து நின்று குனிந்து சொன்னாள்.

ஆகஸ்டில் எழுதியதை நான் திரும்ப எடுத்துக்கொள்ளப்போவதில்லை. ஆனால் கேஜ் உன் கையில் இருப்பதில் இனி எனக்குப் பயமில்லை.

உன் அண்ணன்
சத்தியராஜ்


அம்பத்தூர்
6.7.1997

அன்புள்ள அண்ணாவுக்கு,

முடிந்தது!

ரம்ஜான் நோன்பு முடியும்வரை காத்திருந்து மறுபடி ஆரம்பித்தோம். பட்டினியோடு இருப்பவரை எழுந்து நிற்கச் சொல்வது நியாயமில்லை. அளவும் சரியாக வராது. இந்தத் தடவை நான் அறைக்குள் போகவே இல்லை. வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்து, கதவுக்கு அடியில் வரும் காகிதத்துக்காகக் காத்திருந்தேன். உலகநாதனைப் பார்த்தும் சிலர் எழுந்ததால் அவருடைய வெள்ளைக் கோட்டையும் கழற்றச் சொன்னேன். "இத்தினி வருஷத்துல அந்தக் கோட்டாலதான் கொஞ்சம் மரியாத வந்துச்சு. அதையும் புடுங்கிட்டீங்களே மேடம்" என்று ஒரு வாரம் முனகினார். சட்டையோடு நின்ற அவரைப் பார்த்து யாரும் எழவில்லை. ஒரு பூக்காரம்மா சோதனைக்கு முன்பே தூங்கிவிட்டாராம். அவருடைய கோடுதான் எல்லாவற்றிலும் அழகு.

முன்பு வந்தவர்கள் ஏறக்குறைய எல்லாரும் திரும்பி வந்தார்கள். வர முடியாதவர்களுக்குப் பதில் அவர்களே ஆள் அனுப்பினார்கள்.

முடிவைக் கேள். நிற்கும் சோதனையில் நம் ஊர்க்காரர்களின் அளவு வெளிநாட்டுப் புத்தகத்துக்குக் கொஞ்சமும் குறைவில்லை. மரியாதையைக் கழித்துவிட்டால் இந்த நெஞ்சுகள் உலகத்தில் எந்த நெஞ்சுக்கும் இளைத்தவை இல்லை. மூச்சுச் சோதனையில் வேறு கதை. வயது ஏற ஏற அளவு தானாகக் குறைகிறது. அது நோயில்லை, வயது. எல்லாருக்கும் ஒரே கோடு போட்டால் ஐம்பதைத் தாண்டிய பாதிப் பேர் நோயாளியாகிவிடுவார்கள். அதனால் வயதுவாரியாகத் தனித்தனிக் கட்டம் போட்டிருக்கிறேன். மேடம் முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "இனிமே இது நம்ம அளவு" என்றார். வீடு வரும்வரை அந்த ஒரு வாக்கியம் பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தது.

இப்போது அப்பா. மூச்சுச் சோதனையில் அவர் வயதுக்கு அவருடைய அளவு நன்றாகவே உள்ளே இருக்கிறது. நிற்கும் சோதனையில் பழைய அளவு, நான் பயந்தபடியே, என் கோட்டுக்கும் வெளியே. அன்று எழுந்ததால் கெட்டதா, நிஜமாகவே கெட்டிருக்கிறதா என்று மறுபடி அளந்தால்தான் தெரியும். என் அட்டவணையை இணைத்து மறுசோதனை கேட்டு அப்பா பெயரில் மனு கொடுத்தோம். கம்பெனி டாக்டர் பெருந்தன்மையாகச் சம்மதித்தார். எனக்குச் சம்பந்தமில்லாத ஓர் ஆஸ்பத்திரியில், வேறொரு பேராசிரியர் செய்வார். செப்டம்பரில்.

சௌந்தரி


சாங்வோன்
24.7.1997

அன்பு சௌந்தரி,

உன் கடிதத்தை ஷாப்பில் நின்றபடியே படித்தேன். 'முடிந்தது' என்ற இடத்தில் நான் போட்ட சத்தத்தில் பக்கத்து மெஷின்காரன் ஸ்விட்சை அணைத்துவிட்டான்.

பீஸைச் சரியாக வைக்காமலே அளந்து தள்ளியிருக்கிறார்கள். மறுபடி வைத்து அளக்கட்டும். ஒன்று மட்டும் நாம் இருவரும் இப்போதே ஒப்புக்கொள்வோம். இந்தத் தடவையும் வெளியே வந்தால், அப்பா தரையில்தான். அதை அவரிடம் நான் சொல்கிறேன், நீ சொல்ல வேண்டாம். பயிற்சியை நீட்டித்துவிட்டார்கள், அக்டோபரில்தான் வருவேன். வந்து சொல்கிறேன்.

அவரால் படுத்தே இருக்க முடியுமா என்பதுதான் எனக்குச் சந்தேகம்.

உன் அண்ணன்
சத்தியராஜ்


அம்பத்தூர்
21.9.1997

அன்புள்ள அண்ணாவுக்கு,

இந்தக் கடிதம் வந்து சேரும்போது நீ பெட்டி கட்டிக்கொண்டிருப்பாய். பதில் எழுத வேண்டாம். நேரில் வந்து பேசு.

உன் சந்தேகம்தான் எனக்கும் இருந்தது. போன வாரம் சோதனைக்குப் போகும்போது அப்பாவிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். யார் உள்ளே வந்தாலும் எழக் கூடாது. "மேனேஜரு வந்தா?" என்றார். வந்தாலும். "பெரிய டாக்டரு?" அவர் வந்தாலும். பஸ் பூந்தமல்லி தாண்டும்வரை அதையே யோசித்துக்கொண்டிருந்தார்.

நான் அறைக்குள் போகவில்லை. போக மாட்டேன், எதிலும் தலையிடவும் மாட்டேன் என்று முன்பே எழுதிக் கொடுத்திருந்தேன். வெளியே சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே போன ஒவ்வொருவரையும் பார்த்தேன். கம்பெனி டாக்டர் போனார். பேராசிரியர் போனார். கொஞ்ச நேரம் கழித்து, சாட்சிக்கு வந்திருந்த மேனேஜரும் போனார். அவர் வருவார் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. கதவு சாத்தியது. அப்பாவின் கால்கள் தரையில் இறங்கும் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை. பிறகு உள்ளே பேச்சுச் சத்தம், அதட்டல், சிரிப்பு. போயிற்று என்று நினைத்தேன்.

நடந்ததை அப்பா பஸ்ஸில் சொன்னார். அவர் பாஷையிலேயே எழுதுகிறேன்.

"மொதல்ல நம்ம டாக்டரு வந்தாரு. கம்முனு கீறேன். அப்பால பெரியவரு. அப்பவும் கம்முனு கீறேன். கடைசில மேனேஜரு வராரும்மா. காலு ரெண்டும் தானா எழுந்துக்கப் பாக்குது. இன்னா பண்றது? லோடு தொங்குதுன்னு நெனச்சிகினேன். மேல கீறேன், லோடு தொங்குது. அவ்ளோதான், ஒடம்பு அப்படியே நின்னுபோச்சு. அவர பாத்துகினே படுத்துகினு இருந்தேன். ஆனா ஒண்ணுமே சொல்லாம எப்டி இருக்கறது? வணக்கம் சார்னு படுத்துகினே சொல்லிட்டேன்."

பேசக் கூடாது என்று பேராசிரியர் அதட்டியிருக்கிறார். மேனேஜர் சிரித்துவிட்டு வெளியே வந்துவிட்டார். காத்திருந்து, முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்திருக்கிறார்கள்.

அளவு கோட்டுக்கு மேலே, அண்ணா. கொஞ்சம் மேலே இல்லை, தாராளமாக மேலே. சர்க்கரை அந்த நரம்பைத் தொடவே இல்லை. மே மாதத்துத் தலைச்சுற்றல் வெறும் வெயில். பேராசிரியர் என் அட்டவணையின் பிரதி ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டார். இனி அங்கே வருபவர்களுக்கும் இதையே வைத்துப் பார்ப்பதாகச் சொன்னார். கதவில் 'சோதனை முடியும்வரை டாக்டர்கள் உள்ளே வரக் கூடாது' என்று எழுதி ஒட்டச் சொல்லியிருக்கிறாராம். அந்தக் கொரிய நர்ஸிடம் இதை மட்டும் மறக்காமல் சொல்லிவிட்டு வா. எழுந்து நின்று, குனிந்து சொல்.

வியாழக்கிழமை அப்பா ஏணி ஏறினார். முதல் நாள் என்பதால் என்னை உள்ளே விட்டார்கள். கீழே நின்ற ஷவுகத் அண்ணன், "பார்த்து ஏறு மாமே, உன் பொண்ணு ரிப்போர்ட்டு எழுதிகினு கீது" என்று கத்தினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. கேபினில் உட்கார்ந்து, ஒரு தடவை எச்சரிக்கை மணியை அடித்துவிட்டு, அச்சைத் தூக்கினார். ஷெட் முழுக்க அந்த மணி கேட்டது.

அன்று சாப்பிட உட்கார்ந்தோம். தட்டைப் பார்த்தபடி அப்பா, "ஏழு டன்னு. தூக்கும்போது கொஞ்சம் எடப்பக்கம் ஆடுச்சு" என்றார். நான் கேட்க வாயெடுத்தேன்.

"அப்பால?" என்று கேட்டது அம்மா.

சீக்கிரம் வா.

உன் தங்கை
சௌந்தரி